மான்களுக்கு ஜருகண்டி

1. யார் போகச் சொன்னது?

செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி. திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். ஜன்னலில் மலை. சுவரில் பெரிய திரை. திரையில் ஒரு ஜப்பான் கோயில்.

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் நாங்கள்தான். கல் கிடையாது, மரம் கிடையாது, ஆணி ஒன்றுகூடக் கிடையாது. மவுஸையும் கண்ணையும் கழுத்துவலியையும் வைத்துக் கட்டியது. சரித்திர யுத்த வீடியோ கேம் ஒன்றுக்காக. கூரையின் வளைவு என்னுடையது. வளைவில் படிந்த பாசி என்னுடையது. முன்னால் நிற்கிற சிவப்பு வாசல் வெயில் விழும் பக்கம் வெளுத்தும் நிழல் பக்கம் பழுத்த மிளகாயாகவும் இருக்கிறதே, அந்த வெளுப்பு மட்டும் மூன்று நாள் வேலை.

ரெவ்யூ கால் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒகாமோட்டோ மேடம். கேம் கம்பெனிக்காரர்கள் ஜப்பான் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு செருப்பையும் அவரிடம் காட்டித்தான் ஓகே வாங்குவார்கள். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். எங்கள் லீட் ஷைலஜா, புரோகிராமர் முனிரத்னம், டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட் நான்.

திரையில் காட்டுக்குள்ளிருந்து மான்கள் வந்தன. ஒன்று, மூன்று, ஏழு. கோயிலை வலமாகச் சுற்றின. ஒரு சுற்று, ரெண்டு சுற்று, மூன்று சுற்று. முன்னால் வந்து நின்று தலை தாழ்த்தின. பிறகு இடது பக்கமாகத் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக, மறுபடி காட்டுக்குள் போய்விட்டன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிருந்தது. இந்த இடத்தில் மேடம் கைதட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பது போலப் பேசுவார்.

"கட்டடம் அழகாக இருக்கிறது. உங்கள் மான்கள் எங்கே போகின்றன?"

ஷைலஜாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தரிசனம் ஆயிடுச்சு மேடம். அதனால போகுதுங்க."

"யார் போகச் சொன்னது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேம் கம்பெனி சொல்லவில்லை. எங்களுக்குக் கொடுத்த ஸ்பெக்கில், அதாவது வேலை விவரத் தாளில், அப்படி ஒரு வரியே இல்லை. வேறு யார் சொல்லியிருப்பார்கள்? ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். மலை தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

2. இந்தக் கோயில் செய்யும் வேலை

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், "ஜப்பான் செட்டுல முதல் மாசம் இன்னாண்ணா கலாட்டா?" என்று. அதற்காகத்தான் எழுதுகிறேன். முதலில் கோயிலைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி கேமில் ஆளுக்கு ஒரு நாடு. காடு வெட்ட வேண்டும், பயிர் வைக்க வேண்டும், தங்கம் தோண்ட வேண்டும், அப்புறம்தான் சண்டை. மற்ற நாட்டுக்காரன் மானைக் கண்டால் வெட்டித் துன்னுவான். ஜப்பான் ஆட்டக்காரன் அப்படிச் செய்ய மாட்டான். மான் இருக்கிற இடத்தில் ஒரு ஷ்ரைன் கட்டுவான். ஷ்ரைன் என்றால் சின்னக் கோயில். நாலு தூண், ஒரு கூரை, ஒரு சிவப்பு வாசல், அவ்வளவுதான். கட்டி முடித்த நிமிஷத்திலிருந்து அது சொட்டுச் சொட்டாக வரும்படி கொடுக்கும். அரிசி வேண்டும் என்றால் அரிசி, மரம் வேண்டும் என்றால் மரம், தங்கம் என்றால் தங்கம். நடுவில் மனசு மாறினால் ஒரு கிளிக்கில் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் மிருகங்கள் வந்து இருந்தால் சொட்டு தாரையாகும். மிருகம் எத்தனையோ, வரும்படி அத்தனை.

எனக்கு இந்த யோசனை பிடித்த மாதிரி வேறு எதுவும் பிடித்ததில்லை. கொல்லாமல், கறக்காமல், ஏரில் பூட்டாமல், ஒரு மான் சும்மா பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு நாடு பிழைக்கிறது. ஸ்பெக்கைப் படித்த அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து ஆள் எழுந்து வேறு ஸீட்டுக்குப் போய்விட்டார்.

நான் எத்திராஜ். வடமாலபேட்டை. கேமுக்கு வந்தபோதே எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் சென்னையில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன், பெங்களூரில் கல்யாண ஆல்பம், ஹைதராபாத்தில் சீரியலுக்கு கிராஃபிக்ஸில் நெருப்பும் பாம்பும் போடும் வேலை. என் சம்சாரம் தேவகி புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் டீச்சர். பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பதினாலு வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன். ஒரு ஊரில் காலை நீட்டி உட்கார்ந்ததும் அந்தக் கடை மூடும், இல்லை அந்த வேலை கம்ப்யூட்டருக்கே போய்விடும், நான் பெட்டி கட்டுவேன். இந்தத் திருப்பதி ஆபீஸ் வந்த பிறகுதான் சாயங்காலம் அஞ்சு நாற்பது பஸ், ஆறரைக்கு வீடு, ஏழு மணிக்குச் சூடான தோசை. இந்த மூன்றும் எனக்கு ஒரு ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியம்தான் இந்த மானின் காலில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஹெட் ஆபீஸ் பெங்களூரில். ஷைலஜா சொந்த ஊருக்கே வந்து வேலை செய்வேன் என்று அவர்களோடு மல்லுக்கட்டித் திறந்த கிளை இது. இந்த ஜப்பான் வேலை வந்தபோது அவர்கள் போட்ட கண்டிஷன் ஒன்றுதான். ஷ்ரைன் மைல்ஸ்டோன் பாஸானால் ஜப்பான் செட்டு முழுக்கத் திருப்பதிக்கு. ஃபெயிலானால் சிஸ்டமெல்லாம் வேனில் ஏறும், நாங்களும் கூடவே பெங்களூருக்கு.

3. பன்னிரண்டு விநாடி

தப்பு எப்படி நடந்தது என்றால், தப்பென்றே தெரியாமல் நடந்தது.

ஸ்பெக்கில் இருந்தது ஒரே வரி. 'மிருகங்கள் ஷ்ரைனைத் தேடி வரும். அருகில் இருக்கும்வரை வரும்படி கூடும்.' ஷைலஜா அதைச் சத்தமாகப் படித்தாள். முனிரத்னம் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை, ஆனால் யோசிக்கும்போது பேனாவை அப்படித்தான் பிடிப்பான். எல்லையோரம் குடிபாலா ஊர் ஆள். வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு, கோடில் மட்டும் இங்கிலீஷ். அவன் கேட்டான்:

"இருக்கும்வரைன்னா, எவ்ளோ நேரம் இருக்கும்?"

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு எந்த ஊர் ஆபீஸிலாவது கேட்டிருப்பார்களா தெரியாது. எங்களுக்கு அது ரொம்ப இயல்பாக இருந்தது. கோயில் என்றால் வருவது, சுற்றுவது, ஒரு கணம் பார்ப்பது, பின்னாலிருந்து "ஜருகண்டி, ஜருகண்டி" என்று ஒரு குரல், தோளில் ஒரு கை, வெளியே வந்து விழுவது. நகருங்க, நகருங்க. அந்தக் குரல் இல்லாத சன்னிதியை நாங்கள் பார்த்ததே இல்லை.

"ஒரு மானுக்குப் பன்னெண்டு செகண்ட் குடுக்கட்டா?" என்றான் முனி.

"பன்னெண்டு ஜாஸ்தி முனி," என்றாள் ஷைலஜா. "மலை மேல நாம நிக்கிறது ரெண்டு செகண்ட்."

"மானு பாவம், தூரத்துல இருந்து வருது. காட்டு வழி."

"சரே, பன்னெண்டே இருக்கட்டும்."

இப்படிப் பெரிய மனசு பண்ணி ஆளுக்குப் பன்னிரண்டு விநாடி தந்தோம். மூன்று சுற்று வலம் என்பது ஷைலஜாவின் யோசனை. இடது பக்கமாக வெளியே போவது முனியின் யோசனை. நேராகத் திரும்பினால் வருகிற மானோடு மோதுமாம். என் பங்குக்கு நான் சும்மா இருந்தேனா? எத்தனை குளம்பு சுற்றியிருக்கும் என்று நினைத்து, வலம் வருகிற பாதையில் மட்டும் கல் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பது மாதிரி டெக்ஸ்சர் போட்டேன். மூன்று பேரும் இருநூறு தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கடைசி மான் காட்டுக்குள் மறையும்போது முனி "கோவிந்தா" என்பான். நாங்களும் சொல்வோம். பக் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வரும்படி ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்து, கூட்ட நாள், கூட்டமில்லாத நாள் என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

4. காம்பார்ட்மெண்ட்

இனி மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமை. மேடம், வெள்ளிக்கிழமை இதே நேரம் மறுபடி பார்க்கலாம், அதுவே கடைசி என்று சொல்லிவிட்டு வைத்தார். திரை கறுத்தது. அதில் எங்கள் மூன்று பேர் நிழல்.

முதலில் சிரித்தது ஷைலஜாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் உருண்டுபோய்ச் சிரித்தாள். "ஜப்பான் மானுக்கு ஜருகண்டி சொல்லியிருக்கோம் அன்னா." பிறகு கண்ணைத் துடைத்தாள். துடைத்த கண்ணீரில் பாதிதான் சிரிப்பு. "வெள்ளிக்கிழமை ஃபெயிலாச்சுன்னா பெங்களூர். எங்கம்மா கிட்ட இன்னா சொல்றது?"

முனி ஏற்கனவே டைமரை அழித்துக்கொண்டிருந்தான். "இது அஞ்சு நிமிஷ வேலை ஷைலஜா மேடம். போகச் சொன்ன கோட் வரியைத் தூக்கிட்டா, வந்தது அங்கயே இருந்துக்கும்."

அஞ்சு நிமிஷத்தில் கேமின் புது பில்ட். மான்கள் வந்தன. போகவில்லை. சந்தோஷம். இன்னும் வந்தன. அவையும் போகவில்லை. பதினாறு மான்களும் வாசலுக்கு நேரே ஒரே இடத்தில் நிற்க ஆசைப்பட்டு, ஒன்றின் வயிற்றில் மற்றொன்றின் கால், ஒன்றின் முதுகில் இன்னொன்றின் மூஞ்சி. பதினாறு தலை, ஒரே உடம்பு. ஷைலஜா பார்த்துவிட்டு, "இது மானா, ராவணனா?" என்றாள்.

முனி அதற்கும் வைத்தியம் வைத்திருந்தான். புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால் ஷ்ரைனுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத கம்பி கட்டி, வளைந்து வளைந்து க்யூ லைன் போட்டிருக்கிறான். மலைமேல் தரிசனத்துக்குக் காத்திருக்கிறவர்களை அடைக்கிற மாதிரி, நாலு மானுக்கு ஒரு காம்பார்ட்மெண்ட். மான்கள் பொறுமையாக, ஒழுங்காக, கோயிலைப் பார்த்தபடி நின்றன. காதுகூட ஆட்டவில்லை.

"எப்படிண்ணா?" என்றான், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"மேல க்யூவுல குடுக்கிற மாதிரி பால் குடுக்க ஆள் வருமா?" என்றேன்.

அவன் முறைத்தான். ஷைலஜா வேறு வழியில்லாமல் அந்தக் க்யூவை ஒரு நிமிஷ வீடியோவாக மேடத்துக்கு அனுப்பினாள். மத்தியானம் பதில் வந்தது. ரெண்டே வரி. 'ஏன் எல்லா மான்களும் கட்டடத்தைப் பார்க்கின்றன? மான்களுக்குப் பிரார்த்தனை எதுவும் இல்லை.'

முனி அதை மூன்று முறை படித்தான். "பிரார்த்தனை இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்குக் கோயிலுக்கு வருது?"

நியாயமான கேள்வி. அன்றைக்குச் சாயங்காலம் தேவகி தோசையைத் திருப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "மறுபடி பெட்டி கட்டணுமா?" நான் பரணை நிமிர்ந்து பார்த்தேன். நான் ஊர் ஊராகத் தூக்கிப் போன நீலப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. சக்கரம் ஒன்று ஹைதராபாத் ஸ்டேஷனில் உடைந்தது.

5. வடமாலபேட்டை பஸ் நிறுத்தம்

வியாழக்கிழமை காலை. சென்னை ரோட்டில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தம். நிழற்கூடம் ஒன்று, அதன் ஓரத்தில் ஒரு டிபன் வண்டி. நிழற்கூடத்துக்குள்ளே ஆடுகள்.

தினமும் பார்க்கிற ஆடுகள்தான். மூன்று வருஷமாக அதே ஆடுகளைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினொன்று. ஒன்று ரோட்டைப் பார்த்துப் படுத்திருந்தது. ஒன்று சுவரைப் பார்த்து. ஒன்று சிமெண்ட் பெஞ்சின்மேல் நீளமாக, ரிடையர்டு தாசில்தார் மாதிரி. ரெண்டு குட்டிகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு எதிரெதிர் திசை பார்த்தன. ஒரு கிழ ஆடு மட்டும் நின்றபடி அசைபோட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை, எல்லாரும் சேர்ந்து இருந்தார்கள். ஃபோனை எடுத்தேன். திருப்பதி பஸ் வந்தது, போனது. நான் குந்தியபடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யோவ்."

டிபன் வண்டிக்காரி கௌரி. முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும். கையில் இட்லிக் கரண்டி.

"இன்னாய்யா ரொம்ப நேரமா ஆட்டையே பாத்துக்கினு குந்திக்கினு கீற? போன மாசம் ஒருத்தன் இப்பிடித்தான் ஃபோட்டோ புடிச்சிக்கினு போனான். மறுநாள் ரெண்டு குட்டிய காணோம்."

"ஆபீஸ் வேலைம்மா."

"எந்த ஆபீசு ஆட்டைப் படம் புடிச்சிக்கினு வரச் சொல்லுது?"

"ஆடு இல்ல, மான்."

"இது ஆடு."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். முழு விஷயத்தையும் சொன்னேன். ஜப்பானில் ஒரு கோயில், அதன் முன்னால் மான் படுக்க வேண்டும், படுக்க மாட்டேன் என்கிறது, நாளைக்குள் படுக்காவிட்டால் நான் பெங்களூர் போக வேண்டும். கௌரி கரண்டியைக் கொஞ்சம் இறக்கினாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். காய்ச்சலா, வேறேதாவதா என்று பார்க்கிற பார்வை.

"சரி, உன் ஆடு ஏன் இங்கயே கிடக்குது, அத மட்டும் சொல்லு," என்றேன்.

"யாரும் எழுப்பல, கெடக்குது. எழுப்பினா போயிடும். இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?"

அப்போது புத்தூரிலிருந்து அடுத்த பஸ் வந்து நின்றது. முப்பது பேர் இறங்கினார்கள். ஒரு ஆள் தலையில் மூட்டையோடு, பெஞ்சு ஆட்டைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தான். ஒரு ஸ்கூல் டீச்சர் புடவையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனாள். ஃபோனில் கத்திக்கொண்டே வந்த ஒருத்தர், கத்தலை நிறுத்தாமல், குட்டிகளுக்கு அரை வட்டம் போட்டு நடந்தார். ஆற்றில் பாறையைத் தண்ணீர் சுற்றிப் போவது போல மனுஷக் கூட்டம் ஆடுகளைச் சுற்றிப் போனது. ஒரு ஆடுகூட எழவில்லை.

நான் எழுந்துவிட்டேன். நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஓடி ஏறினேன். பின்னால் கௌரியின் குரல்: "குட்டி காணாம போச்சுன்னா உன் மூஞ்சி எனக்கு நல்லா தெரியும்."

6. நீ சுத்திப் போ

ஆபீஸில் ஆட்டு வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டினேன். பஸ் வருகிற இடத்தில் நிறுத்தினேன்.

"முனி, நம்ம கேம்ல ஒருத்தன் நின்னுக்கினு இருக்கான். இன்னொருத்தன் மரம் சுமந்துக்கினு வரான். இன்னா ஆவும்?"

"நிக்கிறவனை வரவன் தள்ளுவான்ணா. தள்ளினாத்தான் வழி கிடைக்கும். எல்லா கேம்லயும் அப்பிடித்தான்."

"மானையுமா?"

முனி பேனாவை வாயிலிருந்து எடுத்தான். டெஸ்ட் மேப்பைத் திறந்தான். டைமர் இல்லை, க்யூ இல்லை, கம்பி இல்லை. சும்மா நாலு மான், ஒரு ஷ்ரைன், மரம் வெட்டுகிற ஆறு வேலைக்காரர்கள். மான் வந்து படுத்தது. வேலைக்காரன் கட்டையோடு வந்தான். மெதுவாக, ரொம்ப மரியாதையாக, ஒரு தள்ளு. மான் எழுந்தது. நின்றது. நகர்ந்தது. அடுத்தவன் வந்து இன்னொரு தள்ளு. மூன்றாவது தள்ளில் மான் காட்டைப் பார்த்து நடையைக் கட்டியது.

டைமரை எடுத்திருந்தோம். தோளில் விழுகிற கையை எடுக்கவே இல்லை.

"இன்னா பண்ணலாம்னா, ஷ்ரைன் பக்கத்துல படுத்த மானுக்குத் தள்ளு வேலை செய்யக் கூடாது," என்றான் முனி, ஏற்கனவே தட்டத் தொடங்கியிருந்தான். "வேலைக்காரன் சுத்திப் போவட்டும்."

"சிப்பாய்ங்க?" என்றாள் ஷைலஜா. "ஆர்மி வந்தா?"

"அவங்களும் சுத்திப் போவட்டும்."

"முனி, நாப்பது பேர் ஆர்மி, ஒரு மானுக்காக மாட்டிக்கிட்டு நின்னா கேமே கெட்டுப் போகும். ஆர்மி எங்கயும் மாட்டக் கூடாதுன்னு ஸ்பெக்ல தடிச்ச எழுத்துல போட்டிருக்காங்க. அதுவும் மேடம் கண்ணு முன்னாடி மாட்டினா நாம காலி."

ரிஸ்க்தான். அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே டைல்ஸ் கடையில் யாரோ லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தாள்.

"சரே. சுத்திப் போகட்டும்."

அதற்கப்புறம் நாங்கள் வேலை செய்யவில்லை, விளையாடினோம். ஒவ்வொரு மானுக்கும் தனித்தனியாக ஒரு இடம் தேடிக்கொள்ளும் புத்தி கொடுத்தான் முனி. திசை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். பெஞ்சு ஆட்டைப் பார்த்து ஒரு மானைப் படியில் நீட்டிப் படுக்க வைத்தோம். குட்டிகளைப் பார்த்து ரெண்டை முதுகோடு முதுகாக. கிழ ஆடு மாதிரி ஒன்று மட்டும் நின்றபடி அசைபோட. நான் வலம் வருகிற அந்தத் தேய்ந்த பாதையை அழித்தேன். அதற்குப் பதிலாகத் தரையில் அங்கங்கே, மான் உடம்பளவுக்குப் புல் அமுங்கிக் கிடப்பதை வரைந்தேன். எத்தனை வருஷமாக இங்கே படுத்திருந்தால் புல் இப்படிப் பழகியிருக்கும்? வரைய வரைய எனக்கே தூக்கம் சொக்கியது. ஷைலஜா ஈ ஒன்று கேட்டாள். ஈ விட்டோம். காது ஆடியது.

ஓட்டிப் பார்த்தோம். வரும்படி ஏறியது. ஏறி, அப்படியே நின்றது. முனி வாயைத் திறந்தான், பழக்கத்தில் கோவிந்தா சொல்ல. மான் ஒன்றும் போகவில்லை. எப்போது சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டான்.

7. வாசல் மான்

வெள்ளிக்கிழமை, ரெண்டு மணி. ஷைலஜா நெற்றியில் குங்குமம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. முனி புதுச் சட்டை. நான் காலையில் கௌரி வண்டியில் நாலு இட்லி வாங்கித் தின்றுவிட்டு வந்திருந்தேன். குட்டிகள் பத்திரம் என்று அவள் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

மேடம் அவர் இடத்திலிருந்து தானே விளையாடினார். நாங்கள் பார்க்க மட்டும்தான் முடியும். ஷ்ரைன் கட்டினார். மான்கள் வந்தன. ஒவ்வொன்றாக இடம் பார்த்துப் படுத்தன. மேடம் வேலைக்காரர்களை அனுப்பினார். கட்டையோடு வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். வரும்படியை அரிசியிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து தங்கத்துக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பதினாறாவது மான் தாமதமாக வந்தது. நல்ல இடமெல்லாம் போயிருந்தது. அது அங்கே இங்கே பார்த்தது. பிறகு நேரே நடந்து, அந்தச் சிவப்பு வாசலுக்கு நட்ட நடுவில், குறுக்கே, காலை மடித்து உட்கார்ந்தது.

முனி என் முழங்கையைப் பிடித்தான். பிடி இறுகியது.

அதே நேரம் மேடம் படையைக் கிளப்பினார். நாற்பது சிப்பாய்கள், ஈட்டியும் கொடியுமாக, நேரே வாசலை நோக்கி. ஷைலஜா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பரண்மேல் இருக்கிற நீலப் பெட்டி, அதன் உடைந்த சக்கரம், பெங்களூரின் ஏதோ ஒரு தெருவில் அது கடகடவென்று போகிற சத்தம், எல்லாம் மனசில் வந்தது.

படை வாசலுக்கு வந்தது. முன் வரிசை மானைக் கண்டது. ஒரு கணம் நின்றது. ரெண்டாகப் பிரிந்தது. இருபது பேர் வாசலுக்கு இந்தப் பக்கம், இருபது பேர் அந்தப் பக்கம், கொடி ஆடியபடி, தூண்களுக்கு வெளியே சுற்றிப் போய், மறுபடி ஒன்றாகச் சேர்ந்து, யுத்தத்துக்குப் போனார்கள். மான் காதை ஆட்டியது. ஈ.

மேடம் வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பார்த்தோம். சிரிக்கிறார்.

"நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கோயில்," என்றார். "அதன் வாசலில் ஒரு மான் இப்படித்தான் படுத்திருக்கும். யாரும் எழுப்ப மாட்டோம். சுற்றிப் போவதற்கு நேரமாகும். தினமும் தாமதமாகப் போய் ஆசிரியரிடம் திட்டு வாங்குவேன். மான் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார்." பிறகு கேட்டார்: "உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது?"

ஷைலஜா என்னைப் பார்த்தாள். நான் வடமாலபேட்டை என்று சொன்னேன். மேடம் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஜப்பானில் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்திருப்பார் என்று முனி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பாஸ். கீழே ஒரே ஒரு குறிப்பு: 'வாசல் மானைத் தொட வேண்டாம்.' ஷைலஜா அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று, மலை இருந்த ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெங்களூருக்கு ஃபோன் செய்து, வேன் வேண்டாம் என்று சொன்னாள். நான் அஞ்சு நாற்பது பஸ்ஸைப் பிடித்தேன். தோசை சூடாக இருந்தது.

8. புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு

ஷ்ரைன் ஃபோல்டரைத் திறந்தால் கோடில் ஒரு வரி கமெண்ட் பார்ப்பீர்கள். 'இங்கே ஜருகண்டி கிடையாது.' முனி எழுதியது. அது என்ன என்று பெங்களூரிலிருந்து அடிக்கடி மெயில் வரும். நாங்கள் பதில் போடுவதில்லை.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஸ்பெக்கில் எழுதாத இடத்தையெல்லாம் உங்கள் ஊர் எழுதிவிடும், உங்களுக்கே தெரியாமல். எது தாளில் இருக்கிறது, எது உங்கள் காலின் பழக்கத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பார்த்த பிறகு ஊரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தப்பும் ஊரில்தான் கிடைத்தது, சரியும் ஊரில்தான் கிடைத்தது, பஸ் நிறுத்தத்தில்.

இன்னொன்று. போன வாரம் புதுப் பெண் ஒருத்தி கேட்டாள், "அங்கிள், அடுத்து எந்த கம்பெனிக்கு டிரை பண்றீங்க?" என்று. நல்ல பிள்ளை, கேட்டதில் தப்பில்லை. நான் என் நாற்காலியைப் பார்த்தேன். ஸீட்டில் என் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, அந்தப் புல் மாதிரியே. நீலப் பெட்டியில் இப்போது தேவகி பழைய போர்வைகளை வைத்திருக்கிறாள். இதே ஜன்னல், இதே மலை, கீழே இதே டைல்ஸ் கடை.

யாரும் எழுப்பவில்லை. இருக்கிறேன்.